மீ கோரேங் மகாத்மியம்

ஒரு தேசத்தை அறிய வேண்டுமானால் அதன் சரித்திரப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். அந்தத் தேசத்துக் கடைத்தெருவில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தாலே போதும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். புத்தகத்துக்குப் பல நாள் வேண்டும். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் போதும். ஜீரணமாவதும் சற்றுச் சுலபம்.

அத்தாட்சி வேண்டுமென்றால், சிங்கப்பூர் அங்காடிகளில் விற்கும் மீ கோரேங் என்னும் பதார்த்தத்தைப் பாருங்கள். 'மீ' என்பது ஹொக்கியன் சீனச் சொல். கோதுமை மாவைப் பிசைந்து நூல் நூலாக இழைத்த பண்டத்திற்குப் பெயர். இடியாப்பத்தின் தூரத்துப் பங்காளி என்று வைத்துக் கொள்ளலாம். 'கோரேங்' என்பது மலாய்ச் சொல். வறுத்தது என்று அர்த்தம். ஆகவே பெயரில் முன்பாதி சீனம், பின்பாதி மலாய். இந்தப் பெயர்ப் பலகையின் கீழே கையில் கரண்டியுடன் நின்றுகொண்டு, "காரம் தூக்கலா இருக்கட்டுமா?" என்று கேட்கிறவரோ, பாட்டனார் காலத்தில் நமது கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறிய குடும்பத்தைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்!

சிங்கப்பூர்வாசிகள் இதை 'இந்திய மீ கோரேங்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் காசி முதல் ராமேசுவரம் வரை எந்தப் பாட்டியின் அடுப்பங்கரையிலும் இது உதித்ததில்லை. அயலூரில் பிறந்து, நம் வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு, அவ்வூராருக்கே செல்லப் பிள்ளையாகிவிட்ட பண்டம் இது.

இந்தச் சம்பந்தம் எப்படி ஏற்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் தெலுக் ஆயர் வீதியில் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். இன்று அவ்வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஆகாயத்தை அளாவும் கட்டடங்கள் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலைத் தூர்ப்பதற்கு முன்பு அதுவே கரையோரம். கப்பலில் வந்தவர்கள் முதலில் கால் வைத்த இடம். தென்னிந்திய முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரால் அங்கே ஒரு தர்காவை 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பினார்கள். ஹொக்கியன் சீனர்கள் அதே வீதியில் கடலன்னைக்கு ஓர் ஆலயம் கட்டி 1842இல் முடித்தார்கள். கரை சேர்த்த கருணைக்கு இரு சாராரும் ஒரே தெருவில் நன்றி செலுத்தினார்கள். இப்படி அண்டை வீட்டுக்காரர்களானவர்கள் ஒருவர் அடுப்பை மற்றவர் எட்டிப் பார்க்காமல் இருப்பார்களா?

சீனர் அடுப்போடு நமக்குள்ள உறவு அதற்கும் மூத்தது. தென் ஜில்லாக்களில் பல வீடுகளில் வாணலிக்குச் சீனச்சட்டி என்றே பெயர். காப்பிக்குப் போடும் சர்க்கரையைச் சீனி என்கிறோம். சட்டியையும் சீனியையும் கப்பலேற்றி வரவழைத்துக் கொண்ட நாம், மீயைத் தேடிக் கப்பலேறிப் போனோம் என்று சொன்னால் கணக்குச் சரியாகிவிடும்.

இனி, வறுக்கும் விதத்தைப் பார்ப்போம். நமக்குப் பிரியமான கடை ஒன்று அவ்வூர் அங்காடி நிலையம் ஒன்றில் இருக்கிறது. விலாசம் சொல்லப் போவதில்லை. இப்போதே அங்கே வரிசை நீளமாக இருக்கிறது. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. 'பாய்' என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள்.

சட்டி புகையும்வரை காய்கிறது. எண்ணெயில் வெங்காயமும் அரைத்த மிளகாயும் விழுகின்றன. அப்புறம் அவித்த உருளைக்கிழங்குத் துண்டு, சோயாப் பயற்றிலிருந்து செய்யும் தவ்ஹூ, கீரை, முளைவிட்ட பாசிப்பயறு, பிரியப்பட்டால் ஆட்டிறைச்சி. பிறகு மீ. அது மஞ்சள் நிறமாக இருப்பதைப் பார்த்து மஞ்சள்பொடியோ என்று எண்ண வேண்டாம். நாம் அப்பளத்திற்குக் காரம் சேர்ப்பது போல் அவர்கள் மாவில் காரநீர் சேர்த்துப் பிசைகிறார்கள். அதனால் மாவு மஞ்சளிக்கிறது, இழையும் உறுதிப்படுகிறது. மேலே தக்காளிக் குழம்பு விழுந்ததும் எல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிடுகிறது. சட்டியின் ஓரத்தில் ஒரு முட்டையை உடைத்து, அது இறுகுவதற்குள் நாலு புரட்டுப் புரட்டித் தட்டில் கொட்டி, வெள்ளரித் துண்டும் சிறிய எலுமிச்சையும் வைத்து நீட்டுகிறார். நெருப்பின் மணம் ஒவ்வோர் இழையிலும் ஏறியிருக்கிறது. சீனச் சமையற்காரர்கள் இம்மணத்தைச் 'சட்டியின் மூச்சு' என்று வர்ணிக்கிறார்கள்.

சைவ நேயர்கள் ஏமாற வேண்டியதில்லை. மாமிசமும் முட்டையும் வேண்டாமென்று சொன்னால் கிழங்கையும் தவ்ஹூவையும் தாராளமாகப் போட்டுக் கொடுப்பார். அதே சட்டிதானே என்று யோசிக்கும் அளவுக்கு ஆசாரமுள்ளவர்கள் மணத்தோடு திருப்தி அடைவது நலம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

வரிசையில் காத்திருந்த ஒரு நாள், "ஏன் பாய், ரெண்டு மூணு தட்டைச் சேர்த்தே வறுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டோம். அவர் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்:

"சேர்த்துப் போட்டால் சட்டி ஆறிப் போயிடும், ஐயா. மீ தண்ணி விட்டு வேகும். அப்புறம் அது வறுவல் இல்லே, அவியல்!"

ஒரு பெரிய சாஸ்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தீ எவ்வளவு பெரிதானாலும் சட்டி தாங்கும் சுமைக்கு ஓர் அளவுண்டு. ஆகையால் நல்ல மீ கோரேங் சிறிது சிறிதாகத்தான் பிறக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த அனலின் முன் ஒரு மனிதர் நின்றாக வேண்டும்.

அந்த மனிதருடைய பாட்டனார் காலத்தில் நிற்பதற்கும் நிழல் இல்லை. தெருவோரத்தில் வண்டியோ கூடையோ வைத்து விற்றார்கள். குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரே வாளியில் எல்லாத் தட்டுகளும் முழுகி எழும். அங்காடிக்காரர்களின் நிலைமையைப் பற்றி விசாரணைக் கமிஷன் ஒன்று 1950இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1968, 1969ஆம் வருஷங்களில் அவர்களைப் பதிவு செய்யும் வேலை நடந்தது. 1971 முதல் 1986 வரை சுமார் 18,000 தெருக்கடைக்காரர்கள் தண்ணீரும் சாக்கடையும் மின்சாரமும் உள்ள நிலையங்களுக்குக் குடியேற்றப்பட்டார்கள். கடைகளை ஒழித்து ஊரைச் சுத்தப்படுத்தாமல், கடைகளுக்கு ஒரு கூரை போட்டுச் சுத்தப்படுத்தினார்கள். இன்று அந்தச் சிறு தீவில் இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

அங்கே சாப்பிடப் போகிறவர்கள் இரண்டு சம்பிரதாயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேஜையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். ஜன்னல் வழியாகப் பஸ்ஸில் துண்டு போட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று, சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டமாக அமுலாகிவிட்டது. முதல் தடவை எச்சரிக்கை. மறு தடவை 300 வெள்ளி அபராதம். டாலரை அவ்வூர்த் தமிழர் வெள்ளி என்பார்கள். மந்திரியானாலும் சரி, மாணவனானாலும் சரி, எச்சில் தட்டை ஏந்திச் செல்லும் காட்சி கண்கொள்ளாக் காட்சி!

உலகமும் இந்தக் கடைகளைக் கௌரவிக்கத் தவறவில்லை. 2016இல் மிச்செலின் கையேடு இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் வழங்கியது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ, சிங்கப்பூர் அங்காடிப் பண்பாட்டையே மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்துவிட்டது; பரம்பரையில் சேருமா என்பதுதான் இப்போது கேள்வி. அங்காடிக்காரர்கள் எல்லோரையும் வயதுப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவருக்குச் சுமார் 60 வயது இருக்கும். விடியுமுன் வந்து நறுக்க ஆரம்பித்து, இரவில் சட்டியைத் தேய்த்துக் கவிழ்க்கும்வரை நிற்கும் தொழில் இது. கைப்பக்குவத்தை எழுதி வைத்துப் படிக்க இயலாது. பக்கத்தில் நின்று பல வருஷம் பார்த்துப் பழக வேண்டும். பார்க்கிற பிள்ளைகள் எங்கே?

நமது பாயிடம் இதையும் கேட்டோம். அவர் புதல்வர் படித்துப் பட்டம் பெற்று உத்தியோகத்தில் இருக்கிறார்.

"அவன் குளிர்ச்சியான ஆபீஸிலே உக்காந்திருக்கான், ஐயா. இந்த அனலிலே நான் நின்னதே அதுக்குத்தானே?" என்றார் பாய். குரலில் பெருமை இருந்தது. பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

நாமும் சும்மா இருந்தோம். அவர் சொன்னதில் பிசகு காண யாருக்கு வாய் வரும்? தன் பிள்ளை வெய்யிலில் நிற்கக் கூடாது என்று நினைக்காத தகப்பனார் நமது நேயர்களில் எத்தனை பேர்? பிறர் வீட்டுப் பிள்ளை சட்டி பிடித்து நமக்கு மரபைக் காப்பாற்றித் தர வேண்டும், நம் வீட்டுப் பிள்ளை மட்டும் மேஜை நாற்காலியில் அமர வேண்டும் என்பது நல்ல நியாயமாகுமா?

ஆனால் ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. ஒரு தட்டு மீ கோரேங்கின் விலை ஐந்தாறு வெள்ளி. மாவும் எண்ணெயும் வாடகையும் ஏறிவிட்டன என்று கடைக்காரர் ஐம்பது காசு கூட்டினால் வரிசை முழுவதும் முணுமுணுக்கிறது. முணுமுணுத்த அதே கனவான் அடுத்த கட்டடத்தில் குளிர்ந்த அறையில் அமர்ந்து, அதைவிட அதிக விலை கொடுத்து ஒரு கோப்பைக் காப்பி குடிக்கிறார். அங்கே அவர் முகம் சுளிப்பதில்லை. தட்டு மலிவாக இருக்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்யும்போது, மீதியைப் பாய் தம் முழங்காலையும் முதுகையும் கொண்டு கட்டுகிறார். அதைக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளை கரண்டியைத் தொடாததில் ஆச்சரியம் இல்லை. உத்தியோகத்திற்குச் சமமாக வரும்படி வந்து, மரியாதையும் கிடைக்குமானால், பட்டம் பெற்ற பிள்ளைகளில் இரண்டொருவராவது அடுப்படிக்குத் திரும்புவார்கள். பழகுவதற்கு வரும் இளைஞர்களுக்கு அரசாங்கம் பயிற்சி தருகிறது. விலை தருவது நமது பொறுப்பு.

ஆகவே சிங்கப்பூர் செல்லும் நேயர்களுக்கு நமது சிபாரிசு இது. வரிசையில் பொறுமையாக நில்லுங்கள். கேட்ட விலையைச் சிரித்த முகத்துடன் கொடுங்கள். "நன்றாயிருந்தது, பாய்" என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். முடிவாக, தட்டை எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள். மறு தடவையும் மறந்தால் கட்ட வேண்டியது 300 வெள்ளி. அந்தப் பணத்தில் ஐம்பது தட்டு மீ கோரேங் சாப்பிடலாம்!