தந்தையார் வண்டி

சென்ற ஞாயிறன்று திருமுல்கேரி அன்பர் ஒருவர் இல்லம் சென்றிருந்தோம். தந்தையார் விட்டுச்சென்ற 1965ஆம் ஆண்டு அம்பாஸிடர் வண்டி வாசலில் நின்றது. பழைய 1489 ஸி.ஸி. எஞ்சினை அகற்றி, இஸுஸு எஞ்சினும் டிஸ்க் பிரேக்கும் பொருத்தி, அமெரிக்க இளைஞர் 1932ஆம் ஆண்டுப் போர்டு வண்டிகளை 'ஹாட் ராட்' ஆக்கியதுபோல் ஆக்கிவிட வேண்டுமென்பது அவரது அவா. இஸுஸு எஞ்சின் அம்பாஸிடருக்குப் புதிதன்று. 1990களில் கம்பெனியாரே பொருத்தி விற்றனர்.

ஆனால் சட்டம் ஒன்று உண்டே! (ரெயில்வே குமாஸ்தாவுக்கு விதிதான் முதலில் நினைவுக்கு வரும்.) 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2021ஆம் ஆண்டு விதிகளோ, ஐம்பதாண்டு கடந்தும் மூலவடிவம் கெடாத வண்டிக்கே 'வின்டேஜ்' பதிவு அளிக்கின்றன. கட்டணம் 20,000 ரூபாய். எஞ்சினை மாற்றினால் அத்தகுதி போய்விடும் என்றோம். அன்பர் முகம் வாடினார். பிரேக்காவது நல்லதாக வேண்டாமா என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானதே, இன்றைய நெரிசலில் பழைய டிரம் பிரேக்கை நம்பிப் போக நமக்கும் அச்சந்தான்.

அதுவரை பேசாதிருந்த அவர் அன்னையார், "தம்பி, அந்த எஞ்சின் சத்தம் தெருமுனையில் கேட்டால்தான் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்" என்றார்.

அன்பர் சற்றுநேரம் வாளாவிருந்தார். பின்னர், கார்ப்புரேட்டரை மட்டும் கழற்றித் துப்புரவு செய்ய மெக்கானிக்குக்கு ஆளனுப்பினார்.