ஏறியவள் இறங்கவும் வேண்டும்



போன மாசி மாதம் எங்கள் மாதர் சங்கத்தினர் பதினான்கு பேர் சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தோம். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். வயல் வரம்பும் குளக்கட்டும்தான் எனக்குத் தெரிந்த மேடு. 2,243 மீற்றர் உயர மலையைக் கண்டதும் ஏறுவதை நினைத்துத்தான் பயந்தேன். இறங்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மூச்சு வாங்க வாங்க இருந்து இருந்து ஏறி, விடியும்போது உச்சியில் நின்றோம். எத்தனையாவது தடவை வருகிறோமோ அத்தனை முறை மணியடிப்பது அங்குள்ள வழக்கம். நான் ஒரு முறை அடித்தேன். எங்களுக்கு வழிகாட்ட வந்த மஸ்கெலியா அக்கா பதினொரு முறை அடித்தா. முப்பது வருடம் கொழுந்து பறித்தவ.

இறங்கத் தொடங்கிய அரைமணி நேரத்தில் என் தொடை இரண்டும் நடுங்கின. ஈரப்படி ஒன்றில் குதி வழுக்கி இருந்துவிட்டேன். "எனக்கு ஏலாது அக்கா, நீங்கள் போங்கோ" என்றேன். அவ சிரித்தா. "பயந்து பின்னால சாயுறதாலதான் வழுக்குது தங்கச்சி. காலப் பாக்காத, வழியப் பாரு" என்றா.

அவ சொல்லித்தந்தவை இவை:

உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாரம் குதிக்குப் போகும், குதி வழுக்கும். ஆகவே சரிவோடு சேர்ந்து சற்று முன்னால் நிற்க வேண்டும். எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, விரைவாக வைக்க வேண்டும். கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டாமல் கொஞ்சம் மடித்து வைத்தால் அதிர்ச்சியைத் தொடை தாங்கிக்கொள்ளும். பார்வை மூன்று நான்கு அடி முன்னால் இருக்க வேண்டும். கைகளைச் சற்று அகற்றி வைத்தால் சமநிலை தவறாது. பாசி பிடித்த கல், ஈரமான வேர், நனைந்த சருகு ஆகியவற்றில் மிதிக்கக் கூடாது. மிகச் செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்க வேண்டும்.

சப்பாத்தின் கயிற்றை இறங்கு முன் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கால் முன்னுக்குச் சறுக்கி விரல்கள் இடிபட்டு நகம் கறுத்துவிடும். நகத்தை முதல் நாளே வெட்டிக்கொள்வது நல்லது.

ஊருக்கு வந்தபின், எனக்குத் தெரிந்த தாதி ஒருவரிடம் தொடை நடுங்கியது ஏன் என்று கேட்டேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ, நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இதில் மூச்சு வாங்குவது குறைவு. தசைநார்களுக்குக் காயம் அதிகம். அதனால்தான் நோவு அன்றைக்கு அல்ல, அடுத்த ஓரிரண்டு நாளில் கூடுகிறது. ஒரு தடவை பழகிய தசைக்கு அடுத்த தடவை அவ்வளவு நோகாது.

வீட்டிலேயே பழகலாம். கதிரையில் ஐந்து எண்ணும் வரை மெதுவாக இருந்து எழும்புங்கள். வாசற்படியில் நின்று ஒரு காலை மெதுவாகக் கீழிறக்கி நிலத்தைத் தொட்டு எடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை போதும்.

எங்களில் பலருக்குக் காலில் ஷெல் துண்டு இருக்கிறது. சிலர் செயற்கைக் காலோடு நடக்கிறோம். அவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் அல்லது செயற்கைக் கால் முதலில். கைபிடி அல்லது ஊன்றுகோல் அவசியம். முழங்கால் வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஓடி இறங்கவே வேண்டாம். வைத்தியரிடம் கேட்டபின் மெதுவாக நடவுங்கள்.

சமாதானத் தூபியைத் தாண்டியதும் சரிவு குறைந்து, தேயிலைத் தோட்டத்துக்கு ஊடாகப் பாதை போகிறது. அங்கே அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெல்ல ஓடத் தொடங்கினா. "வா தங்கச்சி" என்று கூப்பிட்டா. நான் தயங்கினேன். கடைசியாக நான் ஓடியது 2009 மே மாதத்தில், வட்டுவாகல் பாலத்தை நோக்கி. இடுப்பில் மகள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை.

சின்னச் சின்ன அடியாக அக்காவின் பின்னால் ஓடினேன். நூறு யார் தூரம்கூட இராது. யாரும் துரத்தவில்லை, கையில் பாரமில்லை. கீழே தேநீர்க் கடையில் நின்றபோது ஏன் கண் கலங்கியது என்று அக்கா கேட்கவில்லை. ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தா.

மூன்று நாள் தொடை நொந்தது. இப்போது வாசற்படியில் தினமும் பத்துத் தடவை இறங்கி ஏறுகிறேன். வருகிற பருவகாலத்தில் இரண்டு முறை மணியடிக்க வேண்டும். இம்முறை மகளும் வருகிறாள்.