என்ன ஆளு?



ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். தெரு எது என்று கேட்டார், சொன்னேன். தகப்பனார் பெயரைக் கேட்டார், அதையும் சொன்னேன். மூன்று விடைகளும் அவர் பசியைத் தீர்க்கவில்லை. நாடகம் முடிந்து, மேடைக்குப் பின்புறம் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த என்னிடம், பரிவோடுதான், குரலைத் தாழ்த்திக் கேட்டார் அந்தப் பெரியவர்: "அதெல்லாம் சரி தம்பி, நீங்க என்ன ஆளு?"

என்ன ஆளு! ஆள் என்றால் மனிதன். மனிதனைப் பார்த்து, நீ என்ன மனிதன் என்று கேட்கிறார். ஆனால், அவர் அறிய விரும்புவது அந்த மனிதனை அன்று! மூன்று மணி நேரம் மேடையிலே என்னைக் கண்டார், சிரித்தார், கண்ணீர் வடித்தார். அந்த ஆள் அவருக்குப் போதவில்லை. என்னைப் போட்டு மூட ஒரு பெட்டி வேண்டும். பெட்டிமேல் ஒட்ட ஒரு சீட்டு வேண்டும். சீட்டு ஒட்டியாகிவிட்டால், பிறகு நான் பேசவே வேண்டியதில்லை. என் குணம் இன்னது, என் புத்தி இன்னது, நாளை நான் செய்யப்போவது இன்னது என்று சீட்டே பேசிவிடும்!

பெரியவர்மீது எனக்குச் சினமில்லை. அவர் கேட்ட அதே கேள்வியை ஒரு காலத்திலே ஓர் அரசாங்கமே கேட்டது. சட்டம் போட்டுக் கேட்டது. துப்பாக்கி ஏந்திக் கேட்டது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

முதலில், உங்கள் கட்டைவிரலைச் சற்றுப் பாருங்கள். அன்னையின் வயிற்றிலே மூன்றாம் திங்களையொட்டி உருவாகத் தொடங்கிய கோடுகள் அவை. உங்கள் தந்தைக்கு அந்தக் கோலம் இல்லை, உடன்பிறந்தாருக்கு இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக அமைவதில்லை! 1858இல் வங்கத்தில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைப் பணிக்குப் பொருள் தர ஒப்பந்தம் செய்த கோனாய் என்பவரின் கையை மையிலே தோய்த்துத் தாளிலே பதித்தார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் கைரேகை பற்றி நூலே எழுதினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக்கென அலுவலகம் பிறந்தது. ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் முறைக்காக உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர். முறைக்குச் சூட்டிய பெயரோ, அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயர்! அது கிடக்கட்டும். கண்ட உண்மை என்ன? ஒருவனைப்போல் இன்னொருவன் இல்லை. இதை ஆண்டவரே ஒப்புக்கொண்டனர்.

ஒப்புக்கொண்டவர்கள் செய்தது என்ன?

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை இயற்றியிருந்தனர். வடக்கே தொடங்கிய அது, 1911இல் புதுச் சட்டமாகிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தக் கூட்டத்திலே பிறந்தாயா? நீ குற்றவாளி! என்ன குற்றம்? பிறந்ததுதான்! பெயரைப் பதிவு செய், விரலை உருட்டு, அயலூர் போக அனுமதிச் சீட்டு வாங்கு, இரவு வந்தால் கண்காணிப்பவன் கண்முன் வந்து படு. நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் கைரேகைச் சட்டம். அந்தப் பெயரிலேயே இருக்கிறது, அந்த ஆட்சியின் முரண்பாடு முழுவதும்.

ஒரு காட்சி காட்டுகிறேன். நாடகக்காரன் கற்பனைதான், ஆனால் நடவாத ஒன்றன்று.

"கையை நீட்டு!"

"எதற்கு ஐயா?"

"உன்னைப்போல் உலகில் வேறு எவனும் இல்லை. அதனால் உன் ரேகை வேண்டும்."

"மகிழ்ச்சி ஐயா. நான் செய்த தவறு?"

"நீ ஒன்றும் செய்யவில்லை. ஆனால் உன் கூட்டத்தார் எல்லாரும் ஒரே மாதிரி. அதனால்தான் உன் ரேகை வேண்டும்!"

எப்படியிருக்கிறது நீதி? உன்போல் ஒருவருமில்லை என்று சொல்லும் அதே விரலைக் கொண்டு, நீ எல்லாரையும் போலத்தான் என்று எழுதிவைக்கும் விந்தை! 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள், விரலை நீட்ட மறுத்தனர். பதில் துப்பாக்கியிலிருந்து வந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே ஒரு பெண்ணும் உண்டு. அம்மக்களுக்காக வழக்காடியவர், எழுதியவர், அந்தக் கூட்டத்திலே பிறக்காத ஜார்ஜ் ஜோசப். ரோசாப்பூ துரை என்று உள்ளன்போடு அழைத்தனர் அவரை. பிறப்புத்தான் குணம் என்றால், அவர் அங்கே வந்திருக்கவே முடியாதே!

அந்தக் கூட்டத்திலே திருடியவர் ஒருவருமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம், எந்தக் கூட்டத்தில் இல்லை? திருடியவனைப் பிடி, தண்டி. அண்டை வீட்டான் என்ன செய்தான்? தொட்டிலில் கிடப்பது என்ன செய்தது? 1757இல் கள்ளக் கையெழுத்திட்ட பத்திரம் காட்டி உமிசந்த் என்ற வணிகனை ஏமாற்றினான் கிளைவ். அவனுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அவன் பிறந்த ஊராரை எல்லாம் வரிசையாய் நிறுத்தி, விரலை உருட்டச் சொன்னவர் உண்டா?

இன்னும் கேளுங்கள். விரல் ரேகையிலே இனமும் குணமும் எழுதியிருக்கும் என்று நம்பித் தேடியவர்தான் அந்தக் கால்டன். பல இனத்தார் ரேகைகளை ஒப்பிட்டார். கிடைத்ததா? இல்லை! கிடைக்கவில்லை என்று அவரே எழுதினார். விரல், நான் யார் என்று சொல்லும். நான் எப்படிப்பட்டவன் என்று சொல்லாது.

அப்படியானால், அதைச் சொல்வது எது? கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தபோது எனக்குத் தந்த தாளிலே, நடத்தை என்ற கட்டத்தில் ஒரே சொல் இருந்தது: நன்று. என்னுடன் படித்தவர் அனைவருக்கும் அதே சொல்தான்! பதிவேட்டுக்கு அவ்வளவுதான் தெரியும். மேடைக்கு இன்னும் தெரியும். ஒரே வசனத்தை இரண்டு நடிகர்களிடம் கொடுத்துப் பாருங்கள்; ஒருவர் பேசினால் உறுமல், மற்றவர் பேசினால் விம்மல். வசனம் தரப்பட்டது, குரல் அவர்களுடையது. பிறப்பு ஒரு வசனம். வளர்ப்பு ஒரு வசனம். வறுமை ஒரு வசனம். அவற்றை எப்படிப் பேசுகிறானோ, எந்த இடத்திலே பேச மறுக்கிறானோ, அங்கே தெரிகிறான் ஆள். ஆளுதல் என்ற சொல்லின் வழி வந்தது ஆளுமை. தன்னைத் தான் ஆள்வதே அது. பிறர் ஒட்டிய சீட்டன்று.

குணத்திலே மரபணுவுக்குப் பங்கில்லையா என்று படித்தவர் கேட்பர். உண்டு. மனிதருக்கு மனிதர் காணும் குண வேறுபாட்டிலே ஏறத்தாழப் பாதிக்கு மரபு காரணம் என்று இரட்டையரை ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகின்றனர். ஆனால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளையே வெவ்வேறாக்குவது அந்த மரபு! அதைக் காட்டி, ஒரு சாதி முழுவதற்கும் ஒரே குணம் என்று சாதிப்பவன், அறிவியல் பேசவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டுகிறான்.

சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்ட் 31இல் நாடெங்கும் ஒழிந்தது. சட்டம் போனது; சந்தேகம் போயிற்றா? வழக்கமான குற்றவாளிகள் என்ற புதுப் பெயரிலே சட்டங்கள் வந்தன. சாதி பார்த்துச் சிறையிலே வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 3ஆம் நாள்! சிறைப் பதிவேட்டிலுள்ள சாதிக் கட்டத்தையே அழிக்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு.

சிறைப் பதிவேட்டைத் திருத்த நீதிமன்றம் உண்டு. நம் நெஞ்சுக்குள்ளே இருக்கும் பதிவேட்டைத் திருத்துபவர் யார்? கிளைக்கூட்டத்துக்குப் புதிதாய் ஓர் இளைஞன் வருகிறான். அவன் படித்தது என்ன, பார்த்தது என்ன, எதற்காகக் கொதிக்கிறான் என்று கேட்கிறோமா? மூலையிலே ஒருவர் காதோடு காதாய்க் கேட்கிறாரே, "பையன் என்ன ஆளு?" என்று! அந்தக் கணத்திலே, தோழரே, மை தடவிய தகடு நம் கையிலே இருக்கிறது. அவன் விரலை நாம்தான் உருட்டுகிறோம்.

இனி உங்களை எவரேனும் என்ன ஆளு என்று கேட்டால், கட்டைவிரலைக் காட்டுங்கள்: "இதோ, இந்த ஆள். இதற்கு முன் வந்ததில்லை; இனி வரப்போவதுமில்லை" என்று சொல்லுங்கள். பிறரைக் கேட்க உங்கள் நா துடித்தால், அப்போதும் அதே விரலைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவன் பெயரை மட்டும் கேளுங்கள். பிறகு அவன் பேசட்டும், நாம் கேட்போம்.