எண்ணிக்கையில் சேராத வாசிப்பு

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் வாசிப்பதே இல்லை." ஆலயத் திருவிழாவோ, பள்ளிப் பரிசளிப்பு விழாவோ, நூல் வெளியீடோ, ஒலிவாங்கி கையில் கிடைத்த பெரியவர் யாராவது இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நாமும் நாற்காலியில் அமர்ந்தபடி கேட்டுவிட்டு, கைதட்டிவிட்டு வருகிறோம். எனக்கு இதில் ஒரு சந்தேகம். அப்படிச் சொல்கிறவர்கள் எந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள்? யார் கையில் என்ன இருந்தது என்று எப்போது கேட்டார்கள்?

அதனால் நான் என் வீட்டிலேயே ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். பாரிட் புந்தாரில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். தம்பி படிவம் நான்கு. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய் வழி இடைநிலைப்பள்ளியில் வளர்ந்து, இப்போது ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இதே பாதைதான்.

இந்த வாரம் யார் என்ன வாசிக்கிறார்கள்? பாட்டி, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. அம்மா, பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய ரமணிசந்திரன் நாவல். அப்பா காப்பிக் கடையில் மலாய் நாளிதழ், ஞாயிறன்று வீட்டில் தமிழ் நாளிதழ். தம்பி கைப்பேசியில் 'ஒன் பீஸ்'. நான் கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்'. ஐந்து பேர், மூன்று மொழி. இதில் ஒன்றுகூட எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடையில் திட்டு வாங்குவது அவன்தான். 'ஒன் பீஸ்' 1997-இல் தொடங்கிய கதை. ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டி இன்னும் போகிறது. அதன் பாத்திரங்கள், தீவுகள், பழைய பகைகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஆங்கில மொழிபெயர்ப்பில், வாரம் தவறாமல் வாசிக்கிறான். இதற்கு வாசிப்பு என்று பெயரில்லை என்றால் வேறு என்ன பெயர்? அம்மாவின் ரமணிசந்திரனைப் பார்த்துச் சிலர் உதட்டைச் சுழிப்பதும் இப்படித்தான். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எழுந்தவர், இரவு பத்து மணிக்கு நாற்பது பக்கம் தமிழ் வாசிக்கிறார். இலக்கியம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களில் எத்தனை பேர் தினமும் நாற்பது பக்கம் வாசிக்கிறோம் என்று கையைத் தூக்கச் சொன்னால் தெரியும்.

இந்தக் கணக்கை நான் எடுத்தது இளவேனிலில். நம் நாட்டில் ஏது இளவேனில் என்று நீங்கள் கேட்கலாம். வெயில், மழை என்று இரண்டைத் தவிர வேறு பருவம் தெரியாத ஊர்தான் இது. ஆனாலும் நம் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. எங்கள் தெருவில் சீனப் புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டிய சிவப்புத் தாள்கள் இன்னும் வெளுத்துப்போய்த் தொங்குகின்றன. அதில் உள்ள எழுத்துக்கும் வசந்தம் என்றுதான் பொருள். இவ்வாண்டு அந்தப் பெருநாள் முடிந்த கையோடு நோன்பு மாதம் வந்தது. நோன்புச் சந்தையில் அப்பா வாங்கிவந்த பலகாரத்தை நாங்களும் பொழுது சாயும்வரை காத்திருந்துதான் சாப்பிட்டோம். பிறகு பங்குனி உத்திரம், பிறகு சித்திரைப் புத்தாண்டு. பின்னால் பார்த்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் ஓய்வு இருந்ததில்லை. இருந்தும் வாசித்திருக்கிறோம்.

இன்னொன்றும் இந்தப் பருவத்தில் நடக்கிறது. எங்கள் கிரியான் மாவட்டத்தின் கடலோரத்தில் கோல கூலா இருக்கிறது. வடக்கே குளிர் தொடங்கும்போது அங்கிருந்து பறந்துவரும் கரைப்பறவைகள் அதன் சேற்று வெளிகளில் மாதக்கணக்கில் தங்கி இரை தேடும். மார்ச், ஏப்ரலில் திரும்பிப் புறப்பட்டுவிடும். வசந்தம் நம் ஊருக்கு வராவிட்டாலும், வசந்தத்துக்குப் போகும் பறவைகள் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன. 'கூலா' என்றால் மலாயில் சர்க்கரை. இன்று கண்ணுக்கு எட்டியவரை நெல் வயலாகத் தெரியும் இந்த மாவட்டத்தில், கித்தாவுக்கு முன்பே கரும்புத் தோட்டங்கள் இருந்தன; நம்மவர்கள் முதலில் அதில்தான் உழைத்தார்கள். புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் வாய்க்கால்களும் 1906-இல் வந்த பிறகுதான் நெல் இவ்வளவு தூரம் பரவியது. இந்த விவரங்களை நான் இடைநிலைப்பள்ளியில் கற்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பாட்டிக்கு இந்த மாதங்கள் வேறு விதமாக நினைவிருக்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் கித்தா மரம் இலையைக் கொட்டிவிட்டு, பிறகு புதுத்துளிர் விடும். அப்போது பால் குறையும். "மங்குல பாதிகூட நிக்காது. கையில காசு இருக்காது, பொழுதுதான் இருக்கும்" என்பார். அந்தப் பொழுதில் லயத்து வாசலில் யாராவது ஒருவர் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ராகம்போட்டு வாசிப்பாராம். நல்லதங்காள் கதைக்கு எல்லோரும் அழுவார்களாம். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர். அந்த இருபது பேரை இன்றைய கணக்கில் எங்கே சேர்ப்போம்? எழுத்தறியாதவர்கள் என்ற பத்தியில்தான்.

இப்போது எங்கள் வீட்டிலும் அதே மாதிரிதான் நடக்கிறது, ஆனால் காரணம் வேறு. பாட்டிக்குக் கண்புரை. ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்தது, மற்றதற்குக் காத்திருக்கிறார். அரை மணி நேரம் வாசித்தால் எழுத்து கலங்குகிறது. அதன் பிறகு நானோ தம்பியோ உரக்க வாசிக்க வேண்டும். நான் வாரக் கடைசியில்தான் வீட்டில் இருப்பதால், பெரும்பாலும் இந்த வேலை தம்பி தலையில் விழுகிறது.

அந்த நாவலைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானியர் ஆட்சியில், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. போர்க் கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அங்கே பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் மடிந்தவர்களும் பல்லாயிரம். மேற்கத்திய உலகம் இந்தப் பாதையைக் குவாய் ஆற்றுப் பாலம் என்ற திரைப்படத்தின் வழியாக நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் படத்தில் நம் தாத்தாக்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அவர்களை எழுதியவர்கள் சண்முகம், 'நினைவுச் சின்னம்' எழுதிய அ. ரெங்கசாமி போன்ற நம் எழுத்தாளர்கள்தாம், அதுவும் தமிழில்.

பாட்டியின் தாய்மாமன் ஒருவர் அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒரு வரிச் செய்தியாக மட்டும். தம்பி வாசிக்க வாசிக்க அந்த ஒரு வரி நீள ஆரம்பித்திருக்கிறது. ஒரு பக்கத்தில் பாட்டி நிறுத்தச் சொல்வார். "எங்கம்மா இதைத்தான் சொல்லுவாங்க, லாரியில ஏத்தும்போது சட்டைகூட எடுத்துக்க விடலையாம்" என்பார். தம்பிக்குக் 'கங்காணி' தெரியும், 'பெரட்டு' தெரியாது. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுவதுதான் பெரட்டு என்று பாட்டி சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் படிவம் நான்கு மாணவனுக்கு ஆசிரியராகிவிட்டார்.

நான் வாசிக்கும் 'தி ரிட்டர்ன்' 1981-இல் வெளிவந்தது. எழுதிய கே.எஸ். மணியம் கெடாவின் பீடோங்கில் பிறந்து வளர்ந்தவர்; 2020-இல் மறைந்தார். கதையில் ரவி என்ற பையன் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். ஆங்கிலம் ஏற ஏற, வீடு அவனுக்குத் தூரமாகிறது. அவன் பாட்டி பெரியதாய், இந்த மண்ணில் காலூன்ற ஓர் இடம் தேடியவள். பாடத்துக்காகத்தான் இதை எடுத்தேன். விரிவுரையில் இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது 'அடையாளம்', 'புலம்பெயர்வு' என்ற சொற்கள் தாராளமாக வரும். ஒரு சனிக்கிழமை பெரியதாய் கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வீட்டுக்குக் கிராண்டு இருந்துச்சா?" நில உரிமைப் பத்திரம் என்பதைத்தான் நம் வீடுகளில் கிராண்டு என்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் ஆற்றங்கரையிலும் ரயில் பாதையோரத்திலும் பத்திரமில்லாத நிலத்தில் வீடு கட்டியதையும் கண்ணால் பார்த்தவரின் கேள்வி அது. துண்டாடலைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களின் பத்து பத்து வெள்ளியைச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பை அந்தக் கேள்விக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன்.

வீட்டு வாசிப்பு ஏன் எண்ணிக்கையில் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பள்ளிகளில் 'நீலாம்' திட்டம் 1990-களின் இறுதியிலிருந்து நடக்கிறது. புத்தகத்தின் பெயர், எழுத்தாளர், பக்கங்கள், சுருக்கம் என்று எழுதிச் சேர்க்க வேண்டும். இப்போது இணையத்திலேயே பதிகிறார்கள். நோக்கம் நல்லது, அதில் தங்கப் பதக்கம் வாங்கியவர்களும் உண்மையில் வாசித்தவர்களும் ஒரே ஆட்களாக இருந்த பள்ளிகளும் இருக்கலாம். நாங்கள் படித்த காலத்தில் இருபத்து நான்கு பக்கப் படக்கதைகளுக்குத்தான் கிராக்கி அதிகம். சுருக்கம் எழுத வசதி. பாட்டிக்கு முந்நூறு பக்கம் வாசித்துக்காட்டும் தம்பியின் பதிவேட்டில் அது ஒரே ஒரு புத்தகம். இன்னொருவருக்கு உரக்க வாசித்ததை எழுத அந்தப் படிவத்தில் ஓர் இடம் ஒதுக்கினால் என்ன? அமைச்சு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்மொழிக் கழகம் உள்ள எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் மனம்வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

இதைவிட அவசரமான ஒன்றும் உண்டு. தம்பி அடுத்த ஆண்டு எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழியை எடுப்பதா விடுவதா என்று யோசிக்கிறான். "தமிழ்ல ஏ எடுக்கறது கஷ்டம், மொத்த ரிசல்ட்டையும் இழுத்துடும்" என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். மெட்ரிகுலேசி இடத்துக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் ஒவ்வொரு ஏ-யும் கணக்கில் வருகிற நாட்டில் பதினாறு வயதுப் பிள்ளை அப்படித்தான் யோசிக்கும். ஆனால் 1996 கல்விச் சட்டத்தில், தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடக்கக் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு பள்ளியில் பத்துப் பேர் ஒதுங்கினால் மற்ற ஐந்து பேர் கேட்டாலும் வகுப்புக்கு உறுதி இல்லை. அதனால் ஒருவர் எடுக்கும் முடிவு அவரோடு நிற்பதில்லை. தேர்வில் தமிழை விடுபவர்கள் பிறகு வீட்டில் வாசித்துக்கொள்ளலாமே என்று சிலர் வாதிடுகிறார்கள். என் அனுபவத்தில், படிவம் மூன்றோடு தமிழை விட்ட தோழிகள் தமிழில் கடைசியாக வாசித்தது திருமண அழைப்பிதழைத்தான்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியும் நியாயமானது. எங்கள் ஊர் நெல்லுக்குப் பெயர் பெற்றது, புத்தகக் கடைக்கு அல்ல. ஆனால் நம் வீடுகளில் ஒரு புதையல் இருக்கிறது. உள்ளூர் எழுத்தாளர்களின் நூல் வெளியீட்டுக்கு நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் போவார்கள், உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள், புத்தகத்தை வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் புத்தகம் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கும் பீங்கான் பொம்மைகளுக்கும் நடுவே, பல ஆண்டுகள் தூங்கும். பாட்டி கையில் இருக்கும் 'சயாம் மரண ரயில்' அப்படி ஓர் அலமாரியிலிருந்துதான் வந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்டதும் மாமா மகிழ்ச்சியோடு கொடுத்தார். இன்னும் நான்கு புத்தகங்களையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் ரெ. கார்த்திகேசுவின் 'வானத்து வேலிகள்' இருந்தது. அதைத் தன் ரமணிசந்திரன் முடிந்த கையோடு அம்மா எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த உறவினர் வீட்டு விருந்துக்குப் போகும்போது அலமாரியை ஒரு முறை பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், பாட்டிக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

தம்பி இன்னும் தன் முடிவைச் சொல்லவில்லை. அப்பா அவனை வற்புறுத்த வேண்டாம் என்கிறார், நானும் வற்புறுத்தவில்லை. நாவலில் இன்னும் எண்பது பக்கம் பாக்கி இருக்கிறது. பாட்டி தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிடுகிறார்.