நாயின் இனப்பெயர் எவ்வளவு சொல்லும்?

வீவக வீட்டில் நாய் வளர்க்க நினைக்கும் குடும்பம் முதலில் பார்ப்பது, அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலைத்தான். அதில் 62 சிறிய இனங்கள் உள்ளன. வீட்டுக்கு ஒரு நாய்தான் வளர்க்கலாம். ஃபேரர் பார்க்கில் ஓவன் ரோடு அடுக்குமாடியில் குடியிருப்போருக்கும் இதே விதிதான். அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வாழும் ஊரில் விதி தேவை. ஆனால், ‘பட்டியலில் இருக்கிறது, ஆகவே நம் வீட்டுக்கு ஏற்றது’ என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலில் உள்ள பக் இனத்தை எடுத்துக்கொள்வோம். நாய்க்கு நம்மைப்போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தட்டை மூக்குள்ள பக்குக்கு அந்த வழி குறுகல். காற்றில் ஈரம் மிகுந்த சிங்கப்பூரிலோ ஆவியாதலே மெதுவாகத்தான் நடக்கும். பிரிட்டனில் 2020இல் வெளியான ஆய்வில், தட்டை முக நாய்கள் வெப்பத்தால் பாதிக்கப்படும் வாய்ப்பு, நடுத்தர முக நீளமுள்ள நாய்களைவிட ஏறக்குறைய இருமடங்கு எனத் தெரியவந்தது. குளிர்நாட்டிலேயே அந்த நிலை என்றால், இங்கே பகல் முழுதும் பூட்டிய வீட்டில் இருக்கும் பக்கின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

ஜாக் ரஸ்ஸல் டெரியரும் பட்டியலில் உண்டு. நரி வேட்டைக்காக உருவாக்கப்பட்ட இனம் அது. உடல் சிறிதென்றாலும் ஓட்டமும் விளையாட்டும் நிறைய வேண்டும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குக் களைத்துத் திரும்பும் வீட்டில் அந்தத் துடிப்புக்கு வடிகால் ஏது?

அப்படியானால் இனத்தின் குணத்தைப் படித்துத் தேர்ந்தெடுத்தால் போதுமா? போதாது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தது. 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுபடுவதில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. மூக்கின் நீளத்தையும் உடலின் அளவையும் இனப்பெயர் நன்றாகச் சொல்லிவிடும். கண்முன் நிற்கும் நாய் சாதுவா, பயந்த சுபாவமா என்பதை அவ்வளவாகச் சொல்லாது.

இதைச் சரியாகப் பிடித்திருப்பது 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுக்க அது வழிவிட்டது. 2020இல் உயர வரம்பு 50 சென்டிமீட்டரிலிருந்து 55 ஆனது; எடை வரம்பு நீங்கியது. கருத்தடையும் பழக்கப் பயிற்சியும் கட்டாயம். அதாவது, அங்கே நாயின் பெயரைவிட நடத்தைக்கு மதிப்பு அதிகம். பட்டியலில் உள்ள இனங்களுக்கும் இந்தப் பயிற்சி நிபந்தனையை நீட்டிப்பது நல்லது என்பேன்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் அதன் குணத்தை முன்கூட்டியே ஓரளவு அறியலாம். ஒருமுறைக்கு இருமுறை நேரில் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். காலையிலும் மாலையிலும் அதை நடத்திச் செல்வது யார் என்பதை அதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள். சிறிய நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்கூட வாழும். இன்று அடம்பிடிக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளை வேலைக்குப் போகும் வயதிலும், அந்த நாய்க்கு நம் வீடுதான் வீடு.