அட்டைக்கு ஏன் வெட்கம்?

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு ‘ஓகேயு’ அட்டை எடுங்கள் என்றால், நம் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். “நாளை யார் பெண் கொடுப்பார்கள்?” என்று கேட்டவர்களும் உண்டு.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. ஆயினும், பதிவு கட்டாயமன்று. நாம்தாம் விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியர் சொல் மட்டும் போதாது. மருத்துவர் பரிசோதித்துப் படிவத்தில் உறுதிப்படுத்திய பின்னரே சமூக நல இலாகா பதிவு செய்யும். ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்றவையும் கற்றல் பிரிவில் அடங்கும். அட்டை கிடைத்தவுடன் உதவித்தொகை வந்துவிடாது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால், அட்டையே முதற்படி.

பெற்றோர்களே, ஊர் வாய்க்கு அஞ்சிப் பிள்ளையின் உரிமையை இழக்கலாமா? மலாய்ப் படிவம் கண்டு தயங்குவோர்க்கு ஆசிரியர்களாகிய நாம் துணை நிற்போம். அதுவும் நம் பணியே என்பது என் கருத்து.