லீவு போடுவது ரத்தத்தில் வருவதா?

“அவங்க அப்பாவும் இப்படித்தான். எப்பப் பார்த்தாலும் மெடிக்கல் லீவு. ரத்தத்துலயே ஊறினது.” அலுவலகங்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. இப்போது அதற்கு விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், நோய் விடுப்பில் மரபுக்கும் பங்குண்டு என்று கண்டது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘சில குடும்பங்களே அப்படி, அவர்களைத் திருத்த முடியாது’ என்று தீர்ப்பெழுதுவது தவறு. அந்தத் தீர்ப்பு எந்தெந்த வாதங்களின் மேல் நிற்கிறதோ, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“மூன்றில் ஒரு பங்கு மரபு என்று ஆய்வே சொல்கிறதே!”

சொல்கிறது. எதில் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் கேள்வி. ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இருகரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி ஒன்று. விடுப்பு எடுப்பதில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்து மரபின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் அது சுமார் மூன்றில் ஒரு பங்கு வந்தது. ஒருவர் எடுத்த ஒன்பது நாள் விடுப்பில் மூன்று நாள் மரபால் வந்தது என்று இதற்குப் பொருளல்ல. மக்களுக்குள் காணும் ஏற்றத்தாழ்வில் மரபு வேறுபாட்டோடு தொடர்புடைய பகுதி அவ்வளவு என்றே பொருள். அதுவும் அந்த நாட்டில், அந்தக் காலத்தில், அந்த வேலைச் சூழலில். சூழல் மாறினால் இந்த எண்ணும் மாறும். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவர் படுக்கையிலும் மற்றவர் பணியிலும் இருக்கும் வேறுபாடு மீதிப் பங்கில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

“அப்படியானால் சோம்பேறித்தனம்தான் வழிவழியாக வருகிறது.”

லீவு லெட்டர் எழுதவைக்கும் மரபணு என்று ஒன்று கிடையாது. வழிவழியாக வருவது உடல், மனம் ஆகியவற்றின் பலவீனங்கள். முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு எல்லாவற்றிலும் மரபின் பங்கு உண்டு. மனச்சோர்வில் அது சுமார் 37 சதவீதம் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு. இந்த நோய்களே மனிதர்களை வேலைக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. விடுப்பு எடுப்பவர்கள் நடிக்கிறார்கள் என்பவர்கள், பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘வைட்ஹால்’ ஆய்வைப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளில் ஐந்து தடவைக்கு மேல் மருத்துவச் சான்றிதழோடு விடுப்பு எடுத்த ஆண்களின் இறப்பு விகிதம், அப்படி விடுப்பே எடுக்காதவர்களைப் போல 4.8 மடங்கு இருந்தது. நடித்தவர்களுக்கு இப்படிச் சாவு வராது. அந்தச் சான்றிதழ்கள் முன்னெச்சரிக்கைகள்; நாம் அவற்றைச் சாக்குகளாக வாசித்தோம்.

“மரபு இல்லாவிட்டால் வளர்ப்பு. வீட்டில் பார்த்துப் பழகியது.”

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். நார்வேயில் உடல் இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்கிறார்கள். வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது குலுக்கல் போன்றது; சிலர் தாராளமானவர்கள், சிலர் கறாரானவர்கள். பெற்றோருக்கு இந்த வழியில் ஓய்வூதியம் கிடைத்த குடும்பங்களில், வளர்ந்த பிள்ளைகளும் அதைப் பெறும் வாய்ப்பு ஐந்தாண்டுகளில் 6 சதவீதப் புள்ளி கூடியது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. குடும்பத்தின் தாக்கம் மெய்தான். ஆனால் இதில் பிள்ளையின் போக்கை மாற்றியது என்ன? ரத்தம் மாறவில்லை, நீதிபதி மாறினார். ‘ரத்தத்தில் ஊறியது’ என்பவர்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை. மேலும் இது ஓய்வூதியத்தைப் பற்றிய முடிவு. சாதாரண நோய் விடுப்பை ஆராய்ந்த இரட்டையர் ஆய்வுகளில், ஒரே வீட்டில் வளர்ந்ததன் தாக்கம் பெரும்பாலும் தென்படவில்லை.

“மரபில் இருப்பதை மாற்ற முடியாது.”

கிட்டப்பார்வையில் மரபின் பங்கு மிக அதிகம். அதற்காக யாரும் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்காமல் இருப்பதில்லை. ஸ்வீடனையே பாருங்கள். 1990களின் கடைசியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் அங்கே நோய் விடுப்பு இரண்டு மடங்காக உயர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெருமளவு இறங்கியது. ஒரு தேசத்தின் மரபணு பத்தாண்டுகளில் ஏறி இறங்குவதில்லை. ஏறி இறங்கியவை வேலைச் சூழலும் சட்டமும் விதிகளும். வைட்ஹால் ஆய்வும் அதையே சுட்டுகிறது: கடைநிலை ஆண் ஊழியர்களின் விடுப்பு உயர்நிலையினரைப் போல சுமார் ஆறு மடங்கு. அதில் ஒரு பகுதிக்கு, வேலையில் தனக்கென்று எந்த அதிகாரமும் இல்லாத நிலைமையும் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஸ்வீடனின் இரட்டையர் பதிவேடு 1950களின் இறுதியில் தொடங்கியதே, மரபின் பங்கைக் கழித்துவிட்டுப் புகையும் மதுவும் செய்யும் கேட்டை அளப்பதற்காகத்தான். பழக்கத்தையும் சூழலையும் தெளிவாகப் பார்க்கச் செய்த கருவி அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களுக்குக் குலமுத்திரை குத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. முத்திரை பேச்சோடு நிற்காது. நேர்முகத் தேர்வு அறைக்கும் வந்துவிடும். அதனால்தான் அமெரிக்கா 2008இல் இயற்றிய சட்டம், ஊழியரின் குடும்ப நோய் வரலாற்றையும் மரபுத் தகவல் என்றே கருதி, அதைக் கொண்டு ஆள் எடுப்பதையும் நீக்குவதையும் தடை செய்தது.

ஒருவர் மூன்றாவது முறையாக லீவு லெட்டர் நீட்டும்போது, “அவர் அப்பா எப்படி?” என்று கேட்டால் கிடைக்கும் பதிலை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. “எங்கே வலிக்கிறது? இந்த வேலையில் எது அதைக் கூட்டுகிறது?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து நாற்காலியை மாற்றலாம், ஷிஃப்டை மாற்றலாம், சுமையைக் குறைக்கலாம். பலவீனம் மரபில் வந்தவருக்கு இந்த மாற்றங்கள் மற்றவர்களைவிட அதிகம் தேவை.